ஆங்கில எழுத்துக்கூட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டச்சு நிலையம் ஒன்றில் ஆங்கிலப் பிரதிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால், ஒரே சொற்களில் ஒரே பிழைகளையும், அவற்றைச் சுட்டிக்காட்டியதும் எழும் ஒரே கேள்விகளையும் ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன். எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பி, டி என்னும் பெயர்கள் தமிழில் எழுதும்போது இரண்டிரண்டு எழுத்துகளுக்குப் பொதுவாகிவிடுகின்றன. ஆகவே குழப்பம் வரக்கூடிய இடங்களில், தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது செய்வதுபோல், பாம்பே பி, பாரிஸ் பி என்றும் டெல்லி டி, டோக்கியோ டி என்றும் பிரித்துக் காட்டியுள்ளேன்.

சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்று என்று ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?

ஆங்கிலத்தில் எழுத்து உறைந்துபோன காலமும் ஒலி மாறிய காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அச்சு பரவப் பரவ, ஒரு சொல்லை ஒரே விதமாக எழுதும் வழக்கம் மெல்ல உறுதிப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. இன்று நாம் நேம் என்று சொல்லும் சொல்லை அன்றைய மக்கள் ஏறக்குறைய ‘நாம’ என்றுதான் சொன்னார்கள். அந்த ஒலிக்கு ஏற்ப எழுதிய ஏ அப்படியே நின்றுவிட, ஒலி மட்டும் நகர்ந்துவிட்டது. (வடமொழி வழியாக நமக்கு வந்த நாமம் என்னும் சொல்லும் அதே இந்தோ ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்ததுதான்.)

இரண்டாவது காரணம், ஆங்கிலம் பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளிலிருந்து கடன் வாங்கிய சொற்களைப் பெரும்பாலும் அவற்றின் எழுத்தோடு சேர்த்தே வாங்கிக்கொண்டது. இதனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு சொல்லின் இன்றைய ஒலியைக் காட்டுவதைவிட அதன் வம்சாவளியைக் காட்டுவதில் அதிக அக்கறை கொண்டிருக்கிறது. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து பிறப்பவையே.

நைஃப், நீ, நாலெட்ஜ் எல்லாவற்றிலும் முதலில் கே வருகிறதே, யாரும் அதைச் சொல்வதில்லையே?

ஒரு காலத்தில் சொன்னார்கள். முழங்காலைக் குறிக்கும் நீ என்னும் சொல்லின் ஜெர்மானிய உறவுச் சொல்லை ஜெர்மானியர் இன்றும் ‘க்னீ’ என்றே உச்சரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தக் க் ஒலி பதினேழாம் நூற்றாண்டளவில் தேய்ந்து மறைந்தது. நைட், லைட் ஆகியவற்றின் நடுவில் வரும் ஜி, எச் இரண்டும் இதே வகையைச் சேர்ந்தவை. அவை தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலியைக் குறித்தன. சில சொற்களில் அந்த ஒலி மறைந்தது. லாஃப், காஃப் போன்றவற்றில் ஃப் ஆக மாறியது.

பேயைக் குறிக்கும் கோஸ்ட் என்னும் சொல்லின் எச்சை இவற்றோடு சேர்க்கக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எச் கிடையாது. காக்ஸ்டன் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜ் நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அங்கு வழங்கிய ஃபிளெமிஷ் மொழியில் அதே சொல்லை ஜி, எச் சேர்த்து எழுதுவார்கள். அந்தக் கைப்பழக்கம் அவருடைய அச்சுக்கூடத்தின் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

டெட் என்றுதானே சொல்கிறோம் சார், நடுவில் பி எதற்கு?

கடனைக் குறிக்கும் இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பாம்பே பி இல்லை. பிரெஞ்சில் இன்றும் இல்லை. லத்தீன் மோகம் தலைக்கேறிய காலத்தில், இதன் மூலம் டெபிட்டும் என்னும் லத்தீன் சொல் என்பதை எழுத்திலேயே காட்ட வேண்டும் என்று கற்றவர்கள் விரும்பி ஒரு பி-யைச் செருகினார்கள். ஐயத்தைக் குறிக்கும் டவுட் என்னும் சொல்லுக்கும் டுபிடாரே என்ற லத்தீன் வினையைக் காட்டி அதையே செய்தார்கள். ஆங்கிலேயர் இந்த பி-யை எந்தக் காலத்திலும் உச்சரித்ததில்லை.

வங்கியில் பார்க்கும் டெபிட் என்ற சொல்லில் அந்த பி வாய்விட்டு ஒலிக்கிறது. டெபிட்டை நினைத்துக்கொண்டால் டெட் தவறாது.

ரிசீட்டில் பாரிஸ் பி உண்டு, டிசீட்டில் இல்லை. இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன?

ஒரே மாதிரி இருப்பதோடு நில்லாமல், இரண்டும் ஒரே குடும்பமும்கூட. பிடித்தல், எடுத்தல் என்று பொருள்படும் காபெரே என்னும் லத்தீன் வினையிலிருந்து ரிசீட், டிசீட், கன்சீட் மூன்றும் பிறந்தன. முந்தைய விடையில் சொன்ன அதே லத்தீன் மோகம் இந்த மூன்றிலும் கைவைத்தது. டிசீட்டையும் பாரிஸ் பி சேர்த்து எழுதியவர்கள் இருந்தார்கள். ரிசீட்டில் மட்டும் அது நிலைத்தது, மற்றவற்றில் உதிர்ந்தது. இதற்குப் பின்னால் விதி எதுவும் இல்லை. ரிசெப்ஷன் என்பதில் ஒலிக்கும் பாரிஸ் பி-யை ரிசீட்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

செப்பரேட்டில் நடுவில் ஏ-யா, ஈ-யா? ஒவ்வொரு தடவையும் கை தடுமாறுகிறது.

நான் அடிக்கும் சிவப்புக் கோடுகளில் மிகப் பெரும் பங்கு இந்தச் சொல்லுக்கே உரியது. ஏ என்பதே சரி. லத்தீனில் செ என்பது தனியே என்றும், பராரே என்பது ஆயத்தம் செய்தல் என்றும் பொருள்படும். அதே பராரேதான் ப்ரிபேர் என்னும் சொல்லிலும் இருக்கிறது. அங்கே ஏ ஐயத்துக்கு இடமின்றி ஒலிப்பதால், ப்ரிபேரை நினைத்தால் செப்பரேட்டில் கை தானாக ஏ-க்குப் போகும்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம், ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையின் உயிர், ஏ, ஈ, ஐ, ஓ எதுவாக எழுதப்பட்டாலும், ஏறத்தாழ ஒரே மங்கலான ஒலியாகத் தேய்ந்துவிடுவதே. காதை நம்பிப் பயனில்லாத இடத்தில், அதே குடும்பத்தில் அழுத்தம் அந்த அசையின்மீது விழுகிற இன்னொரு சொல்லைத் தேட வேண்டும். கிராமரின் இறுதியில் ஏ ஆர் வரும் என்பதை கிராமட்டிக்கல் சொல்லிவிடுகிறது. டெஃபினிட் என்பதில் ஏ-யே கிடையாது, ஐ மட்டும்தான் என்பதை டெஃபினிஷன் சொல்லிவிடுகிறது. எல்லை என்று பொருள்படும் ஃபினிஸ் என்ற லத்தீன் சொல் இரண்டுக்கும் தாய். காலண்டருக்கு மட்டும் இப்படி உதவும் உறவினர் யாரும் கைவசம் இல்லை. ரோமானியர் மாதத்தின் முதல் நாளைக் கலெண்டே என்று அழைத்ததிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு இறுதியில் ஏ ஆர் என்று நேராகவே படித்துக்கொள்ள வேண்டும்.

அக்காமடேட்டில் இரண்டு சி, இரண்டு எம் என்கிறார்கள். எங்கே இரட்டிக்கும், எங்கே இரட்டிக்காது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்கலாம். வடமொழியில் உத் என்னும் முன்னொட்டு, அடுத்து வரும் மெய்யாகவே மாறிவிடும் இயல்புடையது. உத்தும் சாரணமும் சேர்ந்தால் உச்சாரணம், உத்தும் லாசமும் சேர்ந்தால் உல்லாசம், உத்தும் நதமும் சேர்ந்தால் உன்னதம். லத்தீனின் அட் என்னும் முன்னொட்டும் இதையேதான் செய்கிறது. சி-க்கு முன் அது சி ஆகிறது. என்-னுக்கு முன் என் ஆகி அனௌன்ஸில் இரட்டை என் தருகிறது. எல்-லுக்கு முன் எல் ஆகி அலொகேட்டில் இரட்டை எல் தருகிறது. அக்காமடேட் என்பது அட், காம், அளவைக் குறிக்கும் மோடுஸ் ஆகிய மூன்றின் சேர்க்கை. அட்-டின் டெல்லி டி, சி ஆனதால் இரண்டு சி. காம்-மின் எம்மும் மோடுஸின் எம்மும் அடுத்தடுத்து நிற்பதால் இரண்டு எம்.

அக்கரன்ஸ் என்னும் சொல்லையும் இப்படியே பிரிக்கலாம். அதில் ஒப் என்ற முன்னொட்டின் பாம்பே பி, சி-யாகத் திரிந்து இரட்டிக்கிறது. பின்னால் வருவது ஓடுதல் என்று பொருள்படும் குர்ரெரே. அதில் இயல்பாகவே இரண்டு ஆர் உண்டு, கரன்ட், கரன்சி இரண்டிலும் அதைப் பார்க்கலாம். நெசசரி என்பது, இல்லை என்னும் ந-வும் விலகிச் செல்லுதல் என்னும் செடெரேயும் சேர்ந்த சொல், அதாவது விலக்க முடியாதது. முன்னொட்டு உயிரில் முடிவதால் சி ஒன்றே. ப்ராசஸ், ரிசஸ் ஆகியவற்றில் இருப்பதுபோல் எஸ் இரண்டு. சக்சஸில் இரண்டு சி வருவது, சுப் என்ற முன்னொட்டின் பாம்பே பி அங்கே சி ஆனதால்தான்.

எம்பாரஸ், ஹராஸ் இரண்டும் பிரெஞ்சில் எப்படி இருந்தனவோ அப்படியே வந்தவை. முதலாவதற்கு இரண்டு ஆர், இரண்டு எஸ்; இரண்டாவதற்கு ஒரே ஆர், இரண்டு எஸ். இவை தனித்தனிச் சொற்கள், உறவு எதுவும் இல்லை. ஆகையால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதக் கூடாது.

உறவுச் சொல்லைப் பார்க்கச் சொன்னீர்கள். ப்ரொனௌன்ஸைப் பார்த்துத்தான் ப்ரொனௌன்சியேஷன் என்று எழுதினேன், அதையும் தப்பு என்கிறீர்களே?

நியாயமான முறையீடு. செப்பரேட் பற்றிய விடையில் சொன்ன வழி பெரும்பாலும் கைகொடுக்கும் என்றாலும், உறவினர் இருவரும் ஒரே வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்திருந்தால்தான் அது செல்லும். ப்ரொனௌன்ஸ் என்னும் வினை பிரெஞ்சு வழியாக வந்ததால் அதன் நடுவில் ஓ யு இரண்டும் உண்டு. உச்சரிப்பைக் குறிக்கும் ப்ரொனன்சியேஷன், லத்தீனின் ப்ரொனுன்டியாட்டியோவை ஒட்டி அமைந்தது; அதில் யு மட்டுமே, ஓ இல்லை. மிகக் கவனமாகப் பேசுகிறவர்களும் இந்தச் சொல்லை மட்டும் ப்ரொனௌன்சியேஷன் என்றே உச்சரிப்பதால், எழுத்தில் பிழை நேர்வதில் வியப்பில்லை.

மெயின்டெயின், மெயின்டனன்ஸ் கதையும் இதுவே. கையில் பிடித்தல் என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்த வினையில் இறுதி அசைக்கு ஏ ஐ வருகிறது. பெயர்ச்சொல்லில் அந்த இடத்தில் ஈ மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகைகளில் இந்தச் சொல் சரியாக எழுதப்பட்டிருந்தால் நான் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ப்ரிவிலெஜ் என்பதில் நாலெட்ஜில் வருவதுபோல் டெல்லி டி வராதா?

வராது. தனி என்னும் ப்ரிவுஸும் சட்டம் என்னும் லெக்ஸும் சேர்ந்து, ஒருவருக்கென்றே செய்த தனிச் சட்டம் என்ற பொருளில் உருவான சொல் அது. லெக்ஸின் வேர் லெக். லீகல் என்பதில் எல், ஈ, ஜி வரும் அதே வரிசையில் இதிலும் வருகின்றன. காலேஜுக்கும் டி இல்லை.

சூப்பர்சீட் என்பதை சி போட்டு எழுதினால் என்ன தவறு? ப்ரிசீட், விட்டுக்கொடுத்தலைக் குறிக்கும் கன்சீட் எல்லாவற்றிலும் சி-தானே?

அவை யாவும் மேலே நெசசரியில் பார்த்த செடெரே என்னும் சொல்லின் பிள்ளைகள். சூப்பர்சீட் மட்டும் உட்காருதல் என்று பொருள்படும், எஸ்-ஸில் தொடங்கும் வேறொரு செடெரேயிலிருந்து வந்தது. மேலே ஏறி உட்கார்ந்து, கீழே இருந்ததைச் செல்லாததாக்குவது என்பதே அதன் கருத்து. அடியில் படியும் வண்டலைக் குறிக்கும் செடிமென்ட் இதன் உறவு. ஆங்கிலத்தில் எஸ் ஈ டி ஈ என்று முடியும் வினை இது ஒன்றுதான். இரட்டை ஈ போட்டு முடிபவை ப்ரொசீட், சக்சீட், எக்சீட் என்னும் மூன்றே. எஞ்சியவை சி ஈ டி ஈ.

ஸ்டேஷனரி கடைக்கு ஏ-யா ஈ-யா?

கடைக்கு ஈ, அசையாமல் நிற்பதற்கு ஏ. வேர் இரண்டுக்கும் ஒன்றே என்பதுதான் இதில் சுவையான செய்தி. இடைக்கால ஐரோப்பாவில் புத்தக வியாபாரிகளில் பலர் ஊர் ஊராகச் சுமந்து விற்றனர்; பல்கலைக்கழக நகரங்களில் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டிருந்தவரை ஸ்டேஷனர் என்றனர். அவரிடம் வாங்கும் பொருள்கள் ஸ்டேஷனரி ஆயின. பேக்கரிடம் வாங்கும் பேக்கரிபோல் ஈ ஆர்-ஐ ஒட்டி ஒய் வந்தது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஐ முன்னே, ஈ பின்னே, சி வந்தால் மாறும் என்று பள்ளியில் படித்தேன். அதை நம்பலாமா?

உயிரொலி நெடில் ஈ ஆக இருக்கும்போது ஓரளவுக்கு நம்பலாம். பிலீவ், அச்சீவ் ஆகியவற்றில் ஐ முன்னால் வருகிறது. ரிசீவ், டிசீவ், பர்சீவ், கன்சீவ் ஆகியவற்றில் சி-க்குப் பின் ஈ முன்னால் வருகிறது. இந்த நான்கும் ரிசீட் பற்றிய விடையில் சொன்ன காபெரே குடும்பமே. விதி உண்மையில் அந்த ஒரு குடும்பத்தைக் காப்பதற்காகவே ஏற்பட்டதுபோல் இருக்கிறது.

ஈ ஒலி இல்லாத இடங்களில் அதை மறந்துவிடுங்கள். ஹைட், நெய்பர், ஃபாரின் ஆகியவை விதிக்கு அடங்கா. சயின்ஸில் சி-க்குப் பின்னரும் ஐ-தான் முன்னே வருகிறது. ஈ ஒலி இருந்தும், பற்றிப் பிடித்தலைக் குறிக்கும் சீஸ், வியர்ட், ப்ரோட்டீன் ஆகியவை மீறுகின்றன.

ரெஃபர்ட் என்பதில் ஆர் இரட்டிக்கிறது, ரெஃபரன்ஸில் இரட்டிக்கவில்லை. ஏன்?

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதே காரணம். ஒற்றை உயிரும் ஒற்றை மெய்யுமாக முடியும் சொல்லின் இறுதி அசையில் அழுத்தம் விழுந்தால், உயிரில் தொடங்கும் விகுதி சேரும்போது மெய் இரட்டிக்கும். ரெஃபர்ட் என்பதில் அழுத்தம் கடைசியில் விழுகிறது; ரெஃபரன்ஸில் அது முதல் அசைக்குத் தாவிவிடுகிறது. அக்கர்ட் என்பதிலும் அக்கரன்ஸிலும் அழுத்தம் இடம் மாறாததால் இரண்டு ஆர் நீடிக்கின்றன. விசிட்டெட், பெனிஃபிட்டெட் இரண்டிலும் டோக்கியோ டி ஒன்றே போதும்.

எல்-லில் முடியும் சொற்களுக்கு பிரிட்டிஷ் வழக்கு இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. டிராவல்ட், கேன்சல்ட் இரண்டிலும் அது எல்-லை இரட்டித்துவிடும். அமெரிக்க வழக்கு இரட்டிப்பதில்லை.

கலர் என்பதில் யு போடுவது பிரிட்டிஷ், போடாதது அமெரிக்கன். எஸ் போட்டால் பிரிட்டிஷ், இசட் போட்டால் அமெரிக்கன். சரிதானே?

முதல் பாதி சரி. லத்தீனில் இந்தச் சொல்லின் இறுதியில் யு கிடையாது. பிரெஞ்சு வழியாக வந்தபோது ஒட்டிக்கொண்டது. சாமுவேல் ஜான்சனின் 1755-ஆம் ஆண்டு அகராதி யு உள்ள வடிவத்தை நிலைப்படுத்தியது. நோவா வெப்ஸ்டரின் 1828-ஆம் ஆண்டு அமெரிக்க அகராதி அதை நீக்கியது. பிரிட்டிஷ் வழக்கிலும் ஹ்யூமரஸ், ஆனரரி ஆகியவற்றில் யு இல்லை என்பதை மறந்துவிட்டு, ஹ்யூமரில் இருக்கும் யு-வை அங்கும் கொண்டுபோய் வைக்கிறவர்கள் பலர்.

இரண்டாவது பாதி தவறு. ஆர்கனைஸ், ரியலைஸ் ஆகியவற்றின் விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அது இசட் ஒலிதான். பிரெஞ்சு அதை எஸ் ஆக்கியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி கிரேக்க மூலத்தைக் காட்டி இன்றும் இசட் போட்டே எழுதுகிறது, அது அமெரிக்க அகராதி அல்ல. ஆனால் அறிவுரை கூறுதல் என்னும் வினையான அட்வைஸ், சர்ப்ரைஸ், எக்சர்சைஸ் ஆகியவற்றின் இறுதி இந்த விகுதியே அல்ல. இவற்றுக்கு இரு நாடுகளிலும் எஸ் மட்டுமே. எந்த வழக்கை எடுத்துக்கொண்டாலும் ஒரு கடிதம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

எல்லாம் மூலத்தைப் பார்த்து எழுதியவை என்றால், ஐலண்டில் எஸ் எங்கிருந்து வந்தது?

தவறான மூலத்திலிருந்து வந்தது. ஐலண்ட், பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதில் எஸ் இருந்ததே இல்லை. தீவையே குறிக்கும் ஐல் என்னும் பிரெஞ்சுச் சொல் லத்தீனின் இன்சுலாவிலிருந்து வந்தது. அதற்கு எஸ் உரிமையானது. இரண்டும் ஒன்றென்று எண்ணி ஐலண்டுக்கும் எஸ் கொடுத்துவிட்டார்கள். தேவாலய இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையைக் குறிக்கும் இன்னொரு ஐல், சிறகு என்று பொருள்படும் ஆலா என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. அதுவும் இந்தக் குழப்பத்தில் சிக்கி ஓர் எஸ் பெற்றுக்கொண்டது.

இப்படிப் பொய்யான வம்சாவளி ஒட்டப்பட்ட சொற்கள் பல உண்டு. கத்தரிக்கோலின் சிசர்ஸ், வெட்டுதல் என்னும் வேறொரு லத்தீன் வினையோடு தொடர்புபடுத்தப்பட்டு எஸ்-ஸுக்குப் பின் சி பெற்றது. குளிர்நாட்டுப் பறவையான டார்மிகன், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல். சிறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை நினைத்து யாரோ முன்னால் பாரிஸ் பி சேர்த்தனர். ஃபாரின் என்பதில் உள்ள ஜி-க்கும் மூலத்தில் இடமில்லை. குட் என்னும் துணைவினைக்கு எல் கொடுத்தது எந்தப் புலவரும் அல்ல. வுட், ஷுட் இரண்டிலும் எல் இருப்பதைப் பார்த்து மக்களே கொடுத்தார்கள்.

கர்னல் இன்னும் விசித்திரமானது. இத்தாலியச் சொல்லில் எல் இருந்தது. அதை வாங்கிய பிரெஞ்சு முதல் எல்-லை ஆர் ஆக்கியது. ஆங்கிலம் இரு வடிவங்களையும் பெற்று, எழுத்துக்கு எல்-லையும் நாவுக்கு ஆர்-ஐயும் வைத்துக்கொண்டது.

இவ்வளவு தொல்லை எதற்கு? யாராவது திருத்தியிருக்கலாமே?

முயன்றார்கள். வெப்ஸ்டர், நாக்கைக் குறிக்கும் டங் என்பதை நான்கே எழுத்துகளில் எழுதலாம் என்றார், யாரும் கேட்கவில்லை. 1906-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களின் எளிய வடிவங்களை அரசு அச்சகம் பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது, அதே ஆண்டில் ஆணை கைவிடப்பட்டது. அந்தப் பட்டியலில் கலர், ஹானர்போல் அமெரிக்கர் ஏற்கெனவே எழுதிவந்த வடிவங்களும் இருந்தன. அவை எப்போதும்போல் நிலைத்தன.

கடைசியாக ஒன்று: மல்லிகடானி சூப் என்று மெனுவில் பார்த்தேன். அதில் இரண்டு எல் சரியா? அது நம் சொல்தானே?

ஆம், மிளகுத்தண்ணீர்தான். இரண்டு எல் சரி. மிளகில் இரட்டை ளகரம் கிடையாது என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் இங்கே பார்த்து எழுதுவதற்கு லத்தீன் எழுத்து மூலம் எதுவும் இல்லை. ஆங்கிலேயர் தம் காதில் விழுந்ததைத் தம் வழக்கப்படி எழுதினர், அவர்கள் வழக்கில் குறில் உயிரையடுத்து மெய்யை இரட்டிப்பது இயல்பு. இறுதியில் ஏ டபிள்யூ என் ஒய் வருவதும் தண்ணி என்பதை அவர்கள் கேட்ட விதமே.

மற்ற தமிழ்ச் சொற்களில் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. கட்டுமரத்தில் நாம் இரட்டித்துச் சொல்லும் ட்டு, கேட்டமரான் ஆனபோது ஒற்றை டோக்கியோ டி ஆயிற்று. அணைக்கட்டு ஆனிகட் ஆனபோது க்க என்பது ஒரே சி-யில் அடங்கிவிட்டது. பொதுப்பணித்துறையின் பழைய ஆவணங்களில் இந்தச் சொல்லை நிறையப் பார்க்கலாம். சுருட்டு, இரட்டை ஓ போட்டு ஷெரூட் ஆயிற்று. இவற்றில் ஐயம் வந்தால் தமிழைப் பார்க்காமல் ஆங்கில அகராதியைப் பாருங்கள்.